எருசலேமுக்கு நேரான பலகணி



இந்த மாதப் பாடத்தைப் போதகர் ஐயாதான் எழுதியிருக்க வேண்டும். "நீயே எழுதும்மா, பட்டவளுக்குத்தான் தெரியும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் போதிக்கிறவள் அல்ல. ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிறேன். ஐந்து வார விடுப்பில் திசையன்விளைக்கு வந்திருக்கிறேன்.

வந்த மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. ஜெர்மனியில் நர்சிங் பயிற்சிக்குப் போக நம் சபைப் பிள்ளைகள் மூன்று பேர் சென்னை ஹாஸ்டலில் தங்கி மொழி படிக்கிறார்கள் அல்லவா? அவர்களில் ஒருத்தி. முதலில் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டாள்: "அக்கா, சென்னையிலேயே எனக்கு இப்படி இருக்கே, அங்க போய் எப்படி இருப்பேன்? எனக்கு விசுவாசம் இல்லையோ?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம்.

முதலாவது, ஊர் ஏக்கம் அவிசுவாசம் அல்ல. 137ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோனின் ஆறுகள் ஓரத்தில் உட்கார்ந்து அழுதவர்கள் யார்? தேவனை அறியாதவர்களா? தேவாலயத்தில் பாடின ஜனங்கள்தானே! பாட்டு வராமல் கின்னரங்களை மரத்தில் தூக்கிவைத்துவிட்டார்கள். அவர்கள் அழுததைக் குற்றமாக அந்தச் சங்கீதம் எங்கேயும் சொல்லவில்லை.

மருத்துவமும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. 1688ல் சுவிட்சர்லாந்து தேசத்தில் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதைப் பற்றியே ஒரு ஆய்வுரை எழுதினார். 'நாஸ்டால்ஜியா' என்ற வார்த்தையை உண்டாக்கினவர் அவர்தான். கிரேக்கில் 'திரும்பிப் போகுதல்', 'வலி' என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து அந்தப் பேரை வைத்தார். அதில் ஒரு மாணவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பெர்ன் ஊர்க்காரன், பாசெலுக்குப் படிக்க வந்தவன். துக்கம், காய்ச்சல் என்று ஆளே ஒடுங்கிப் படுத்துவிட்டான், பிழைக்கமாட்டான் என்றே நினைத்தார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று வண்டியில் ஏற்றினார்கள். ஊர் போய்ச் சேருமுன்னே வழியிலேயே சுகமாகிவிட்டான்! இத்தனைக்கும் பாசெலுக்கும் பெர்னுக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். கடல் தாண்டவில்லை, பாஷைகூட மாறவில்லை. ஆகவே சென்னையில் இருந்துகொண்டு அழுகிற பிள்ளையைப் பார்த்து, "இதுக்கே இப்படியா?" என்று கேட்காதிருங்கள். மனதுக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் 2021 அக்டோபரில் போனேன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே நர்சிங் பயிற்சி மூன்று வருஷம். 2020ல் வந்த புதிய சட்டப்படி வகுப்பு 2100 மணி நேரம், வார்டிலும் மற்ற இடங்களிலும் செய்முறை 2500 மணி நேரம். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் சம்பளமும் உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் "இவள் சரிப்படமாட்டாள்" என்று அவர்கள் நினைத்தால் அனுப்பிவிடலாம். எங்கள் அப்பா என் மொழிப் படிப்புக்கும் ஏஜெண்டுக்குமாக ஆச்சியின் சங்கிலியை அடகு வைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பனி, ரயில், கடை எல்லாமே அதிசயம். நவம்பர் கடைசியில்தான் ஆரம்பித்தது. டிசம்பரில் அங்கே சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், தெருவில் ஆள் சத்தமே இருக்காது. நம் ஊரில் ஞாயிறு என்றால் எப்படி இருக்கும்! ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசிப் பேசியே ஒரு மணி நேரம் போய்விடும். நான் அறையில் உட்கார்ந்து குளிர்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு, இந்நேரம் அங்கே என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அப்போது நான் கண்டுபிடித்த மருந்து போன். வீடியோவைப் போட்டு மேஜையில் சாய்த்து வைத்துவிடுவேன். பேசுவதுகூட இல்லை. எங்கள் அடுக்களை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா தேங்காய் துருவுவதைப் பார்த்துக்கொண்டு நான் துணி மடிப்பேன். குளிர்காலத்தில் அந்த ஊருக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கும்போது எனக்கு ராத்திரி ஒரு மணி. அதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு மணி வரை விழித்திருந்து, "சாப்டியாட்டி?" என்று அம்மா கேட்டதும் "சாப்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். நாலரைக்கு அலாரம். ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும்.

இதில் என்ன தப்பு, தாயும் மகளும் பேசுவது பாவமா என்று கேட்பீர்கள். அந்த டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்மன் பாஷையில் எண்ணைத் திருப்பிச் சொல்வார்கள். எண்பத்து நான்கு என்பதற்கு 'நாலும் எண்பதும்' என்பார்கள். ஒரு காலையில் எனக்குப் பயிற்சி தருகிற மூத்த நர்ஸ் ஒரு பெரியவரின் நாடியை எண்ணிச் சொன்னார்கள், நான் எழுதினேன். 84 என்று எழுத வேண்டியதை 48 என்று எழுதிவிட்டேன். தாளைப் பார்த்த டாக்டர் ஓடிவந்தார். அந்தப் பெரியவரோ சாவகாசமாக உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்! எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த மூத்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டார்கள். "மூன்றரை" என்றேன். "இன்றைக்கு நாடி. நாளைக்கு மருந்தின் அளவாக இருந்தால்?" என்றார்கள். தகுதிகாண் காலம் ஏப்ரலில்தான் முடியும் என்பதையும் நினைவுபடுத்தினார்கள்.

அன்றைக்கு இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேனா? இல்லை. "எல்லாம் நல்லா போகுதும்மா, எல்லாரும் என்னைப் புகழ்றாங்க" என்றேன்.

ஜனவரியில் அதைவிடப் பெரியது வந்தது. சில நாட்களாகவே வீடியோவில் ஆச்சியின் கட்டில் கண்ணில் படவில்லை. கேட்டால் "ஆச்சி தூங்குறா", "ஆச்சி சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கா" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது, கேட்கப் பயந்தேன். ஒருநாள் மத்தியானம் வார்டுச் சாப்பாட்டு அறையில் போனைத் திறந்தேன். சொந்தக்காரப் பையன் ஒருவன் குடும்பக் குரூப்பில் தெரியாமல் அனுப்பிவிட்ட அடக்க ஆராதனைப் படம். ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

பதினோரு நாளும் நான் அந்த அடுக்களையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்! அம்மா துக்க வீட்டில் இருந்துகொண்டு என் முன்னால் சிரித்தார்கள். பிள்ளை தூரத்தில் தனியாக இருக்கிறதே, தாங்கமாட்டாளே என்று மறைத்தார்கள். நானும் அவர்கள் தாங்கமாட்டார்களே என்று என் கண்ணீரை மறைத்தேன். நாள் முழுதும் பேசினோம், ஒருவரும் உண்மை பேசவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை ஆச்சிக்காக மட்டும் அல்ல. இனி இவர்கள் 'நல்லா இருக்கோம்' என்று சொன்னால் நான் எப்படி நம்புவது?

அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாடிக் கணக்கு, தூக்கம், மூன்று கிலோ குறைந்தது, டிக்கெட் விலை பார்த்து வைத்திருப்பது, எல்லாம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே இங்க நடக்கிறது எதையும் ஒளிக்க மாட்டோம். நீயும் ஒளிக்காத. ஆனா ஒண்ணு, அந்த வீடியோவை நிறுத்து. நீ பாக்கறேன்னு உங்கம்மா அழக்கூட முடியாம கிடக்கா" என்றார்கள். அது எனக்குத் தெரியாத செய்தி. என் ஏக்கத்தைத் தீர்க்க நான் வைத்த போன், அம்மாவைப் பதினோரு நாள் நடிக்க வைத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் தானியேலைப் பார்க்க வேண்டும். தானியேலைச் சிங்கக் கெபியில் பார்க்கிற நாம், பள்ளிக்கூடத்தில் பார்ப்பதில்லை. அவன் வெளிதேசத்தில் வேலைக்காகப் பயிற்சி பெற்ற ஒரு மாணவன். முதலாம் அதிகாரத்தில் அது விவரமாக இருக்கிறது: கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்க வேண்டும், பயிற்சி மூன்று வருஷம், அதன்பின் ராஜாவுக்கு முன்பாக வேலை. பெயரையும் மாற்றிவிட்டார்கள். (என் பெயரையும் வார்டில் பாதியாக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.) சாப்பாடும் ஒத்துவரவில்லை. அவன் அதற்காக முகம் சுளிக்கவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. பொறுப்பாளனிடம் மரியாதையாகப் பேசி, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். தனியாகவும் இருக்கவில்லை, அனனியா, மீஷாவேல், அசரியா என்று மூன்று பேர் கூட இருந்தார்கள்.

ஆனால் என்னைத் தொட்டது 6ஆம் அதிகாரம் 10ஆம் வசனம். அவன் வீட்டு மேலறையில் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் இருந்தன. தினம் மூன்று வேளை அங்கே முழங்கால்படியிட்டான். அப்போது அவனுக்கு வயது என்ன? பாபிலோனுக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! அறுபது வருஷம் கழித்தும் ஊர்ப்பக்கம் பார்த்த பலகணி இருந்திருக்கிறது. அப்படியானால் ஊர் நினைவு போய்விடாது, போகவேண்டியதும் இல்லை. அதே சமயம் மூன்று வேளை என்றுதான் இருக்கிறது. நாளெல்லாம் பலகணியிலேயே உட்கார்ந்திருந்தான் என்று இல்லை. மற்ற நேரத்தில் ராஜாவின் வேலை. சில நாள் வியாதியாய்ப் படுத்திருந்து, பின் எழுந்து அந்த வேலையைப் பார்த்தான் என்று 8ஆம் அதிகாரக் கடைசியில் வாசிக்கிறோம். நானோ பலகணியில் பாய் விரித்துப் படுத்துவிட்டேன்.

ஆகவே வீட்டாரும் நானும் நேரம் குறித்தோம். புதன், சனி சாயங்காலம் இருபது நிமிஷம். ஞாயிறு அங்கே பன்னிரண்டு மணிக்கு, இங்கே நாலரைக்கு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அவசரம் என்றால் எப்போதும் கூப்பிடலாம். முதல் இரண்டு வாரம் கைநடுக்கம் மாதிரி இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ராத்திரி ஒரு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். மூன்றாவது வாரம் தூங்கினேன்.

போனை மூடினால் மாத்திரம் போதாது, அந்த நேரத்தில் வேறே ஏதாவது வர வேண்டுமே. அதற்குக் கர்த்தர் எனக்கு ஒரு கேரள அம்மாவைக் காண்பித்தார். 1960களில் கேரளத்திலிருந்து இளம்பெண்கள் பலர் கத்தோலிக்க ஸ்தாபனங்கள் வழியாக ஜெர்மனிக்கு நர்சிங் படிக்கப் போனார்கள். அந்த அம்மா பதினெட்டு வயதில் அப்படி வந்தவர்கள், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். எங்கள் வார்டுக்கு நோயாளியாக வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே, "மோளே, எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார்கள். அவர்கள் காலத்தில் கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகுமாம். அப்பா இறந்த செய்தி அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்ததாம். துணி அலமாரி அறைக்குள் போய் அழுவார்களாம். "பின்னே எப்படிம்மா தாங்குனீங்க?" என்றேன். தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. "எதையாவது சமைச்சு, பக்கத்து ரூம்காரியைக் கூப்பிடு" என்றார்கள்.

எங்கள் குடியிருப்பில் பக்கத்து அறை வியட்நாம் பெண்ணுடையது. மூன்று மாதத்தில் 'காலை வணக்கம்' தவிர ஒன்றும் பேசியதில்லை. ஒரு சனிக்கிழமை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து கூப்பிட்டேன். சாப்பிட உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சுவர் மெல்லியது. தினம் ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் குரல் கேட்குமாம், அப்படிக் கேட்டே படித்துக்கொண்டாளாம். "உன் அம்மா குரல் கேட்டால் எனக்கும் என் அம்மா ஞாபகம் வரும். நானும் அழுதுவிட்டுத்தான் தூங்குவேன்" என்றாள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் அழுதிருக்கிறோம்! அன்றிலிருந்து அவளோடு ஜெர்மன் பாஷையில்தான் பேச்சு. இருவருக்கும் தப்புத் தப்பாக வரும், அதனால் வெட்கம் இல்லை. என் பாஷை வகுப்பில் வளர்ந்ததைவிட அந்த அடுக்களையில் அதிகம் வளர்ந்தது. 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் நம் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் படித்தாரே, அதே ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். அந்நிய பாஷையில் குழந்தையாவதற்கு வெட்கப்படாதவருக்குத்தான் அந்த ஊர் சொந்தமாகிறது.

எரேமியா 29ல் பாபிலோனில் இருந்தவர்களுக்கு எழுதின நிருபமும் இதைத்தானே சொல்லுகிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்ற கருத்து. நான் வீடு கட்டவில்லை. ஜன்னலோரத்தில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்தேன், குளிரில் செத்துப்போனது. பிறகு சமையலுக்கு வைத்திருந்த வெந்தயத்தைத் தூவினேன். அது எந்த ஊரிலும் முளைக்கும் போலிருக்கிறது!

அந்த நிருபத்துக்கு முந்தின 28ஆம் அதிகாரத்தைப் பெற்றோர் வாசிக்க வேண்டும். அங்கே வரும் அனனியா தானியேலின் சிநேகிதன் அல்ல, வேறு ஆள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொன்னான். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். ஜனங்களுக்கு எது இனிப்பாக இருந்திருக்கும்? நாமும் பிள்ளையிடம் "மூணு வருஷம்தானே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரும்" என்கிறோம். போகாது. ஒவ்வொரு நாளாகத்தான் போகும். படிப்பு முடிந்தால் அங்கேதான் வேலை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"பிடிக்கலன்னா அடுத்த பிளேன்ல வந்துரு" என்று முன்னதாகவே சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. அன்பினால்தான் சொல்கிறார்கள். வீட்டைப் பிரியும் சிறுபிள்ளைகளைப் பற்றி கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் என்ற அமெரிக்கர் இருவர் 2007ல் மருத்துவர்களுக்காக எழுதியதில், 'அழுதால் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள். உன்னால் முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம் என்பதுதான் அதில் பிள்ளையின் காதில் விழும். போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளைக்குப் பங்கு இருக்கட்டும் என்றும், முன்னதாகக் கொஞ்ச நாள் பிரிந்திருந்து பழகட்டும் என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். இது வளர்ந்த பிள்ளைக்கும் பொருந்துகிறது. சென்னை ஹாஸ்டலை அப்படிப் பழகுகிற இடமாக எண்ணலாமே. வாராவாரம் பஸ் ஏறி ஊருக்கு ஓடிவந்தால் பழக்கம் எப்படி வரும்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் இதில் தவறுகிறோம். எல்லா அழுகையும் ஊர் ஏக்கம் அல்ல. ஏக்கம் அலை மாதிரி வந்து போகும், வேலையிலோ சிரிப்பிலோ கொஞ்சம் மறக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் விருப்பம் இல்லாமல், செத்தால் தேவலை என்று பிள்ளை சொன்னால், "ஜெபம் பண்ணு, சரியாயிரும்" என்று போனை வைத்துவிடாதிருங்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் அனுப்புங்கள். அங்கே பயிற்சி மாணவருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. அதேபோல ஒருவர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ, சம்பளத்தைக் கொடுக்காவிட்டாலோ, கைநீட்டினாலோ அது ஏக்கம் அல்ல, அநியாயம். அதைச் சகிக்கச் சொல்லவே கூடாது. இந்த வித்தியாசம் வீட்டாருக்குத் தெரிய வேண்டுமானால் பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டுமானால் வீட்டார் முதலில் சொல்ல வேண்டும். கடனையும் சேர்த்துத்தான். ஆச்சியின் சங்கிலியை 2023ல் நான்தான் மீட்டேன். எனக்குத் தெரியும் என்று அதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

2022 ஏப்ரலில் தகுதிகாண் காலம் தாண்டியது, 2024ல் பயிற்சி முடித்தேன். இப்போதும் டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆச்சியின் கட்டிலை நான் வந்த அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். யாரும் அதை நகர்த்தவில்லை.

போன் பண்ணின பிள்ளைக்கு என்ன பதில் சொன்னேன் என்று போதகர் ஐயா கேட்டார்கள். அவளோடு அந்த ராத்திரி ஒரு மணி வரை பேசினேன். அவள் அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம், ஒருத்தி தேனி, ஒருத்தி ஆந்திராப் பக்கம். "அவங்க அழுவாங்களா?" என்று கேட்டேன். "தெரியலையே அக்கா" என்றாள். "நாளைக்குக் கேளு" என்றேன்.

அந்த மூன்று பிள்ளைகளின் தாய்மாரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறார்கள். பிள்ளை எப்போ போகுது, எவ்வளவு சம்பளம் என்று எல்லாரும் அவர்களிடம் கேட்கிறோம். அவர்கள் வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை நான் அவர்கள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். இன்னும் இரண்டு பேருக்கு அந்த பெஞ்சில் இடம் இருக்கிறது.